ஏரிக்கரையில் தங்கிவிட்ட இதயம்

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் மேற்கு மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில், மூன்று எரிமலைகளின் அடியில் அதித்லான் ஏரி கிடக்கிறது. அதன் தென்கரையில் உள்ள சாந்தியாகோ அதித்லான், மாயா இனத்தின் ஒரு கிளையான ட்ஸுதுஹில் மக்களின் ஊர். ஊர்ப்பெயரில் வரும் சாந்தியாகோ, தமிழ்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடும் அதே புனிதர். அவர் பெயரில் பிரான்சிஸ்கன் துறவிகள் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இன்றும் ஊர் நடுவே நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் இரு சுவர்களின் ஓரத்திலும் மரச் சுரூபங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு ஊர்ப்பெண்கள் தறியில் நெய்த துணியில் உடுப்பு. கழுத்தில் வண்ணத் துண்டுகள். ஆண்டுக்கொரு முறை புதுத்துணி தைத்து மாற்றுகிறார்கள். கோயில் தரையில் ஒரு கல் மூடி உண்டு. அதைத் தூக்கினால் சிறிய குழி. ஊரார் அதை உலகத்தின் தொப்புள் என்கிறார்கள். ஆண்டு முழுக்க மூடியே கிடக்கும் அந்தக் குழி பெரிய வெள்ளியன்று திறக்கப்படும்; அன்று இயேசுவின் சிலுவை அதில்தான் நடப்படும். ஐந்நூறு ஆண்டுகளாக இந்த நாட்டில் கிறிஸ்தவமும் மாயா மரபும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்பதை அந்தக் குழியைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

குவாத்தமாலாவில் 2018 கணக்கெடுப்பின்படி மக்களில் 41.7 சதவீதம் பேர் தங்களை மாயா இனத்தவர் என்று பதிவு செய்தார்கள். அவர்கள் பேசும் மொழிகள் இருபதுக்கும் மேல். நிலம் சிலர் கையில் குவிந்த நாடு அது. காப்பி, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவதுதான் மலைவாழ் மாயர்களின் நெடுநாள் பிழைப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்கிறார்கள். அந்த அளவுக்கு ஊட்டக்குறை. அங்கே தொண்டு செய்யப் போகும் எந்தத் திருச்சபையும் இந்தப் பசியோடு சேர்த்து இன்னொன்றையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது: இந்த மக்களுக்கு ஏற்கெனவே ஒரு கடவுள் உலகம் இருந்தது.

1524இல் பெத்ரோ தெ அல்வராதோவின் படையோடு கிறிஸ்தவம் இங்கே வந்தது. வாளோடு வந்தது என்பதை மறைக்க எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. பக்கத்து யுகத்தானில் தியேகோ தெ லாந்தா என்ற துறவி 1562இல் மாயா ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, குவாத்தமாலாவின் சிச்சிகஸ்தெனாங்கோ ஊரில் பங்குத்தந்தையாக இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ், கிச்சே மாயர்களின் படைப்புக் காவியமான போபோல் வூஹ் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்து, எதிரே ஸ்பானிய மொழிபெயர்ப்பும் எழுதி வைத்தார். இன்று அந்தக் காவியம் உலகத்துக்குக் கிடைத்திருப்பது அவர் எழுதிய படியால்தான். இருவரும் ஒரே மதத்தின் துறவிகள். ஒருவர் எரித்ததை நினைக்கும்போது மற்றவர் எழுதி வைத்ததன் அருமை தெரிகிறது.

இரண்டு மரபுகளும் ஒட்டி வளர்ந்த இடம் கொஃப்ராதியா. ஸ்பெயினிலிருந்து வந்த அமைப்புதான் அது. ஒரு புனிதரின் பெயரில் இயங்கும் பொதுமக்கள் சபை. நம்மூர் மண்டகப்படியை அறிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு குடும்பம் ஓராண்டுக்குப் புனிதரின் பொறுப்பை ஏற்கும். சுரூபம் அந்த வீட்டிலேயே தங்கும். மெழுகுவத்தி, சாம்பிராணி போன்ற பொம் என்ற பிசின், வாத்தியம், விருந்து எல்லாம் அவர்கள் செலவு. படிப்படியாக இப்படிப் பொறுப்பேற்று முடித்தவர்களே ஊரின் பெரியவர்கள். 1870களில் குவாத்தமாலா அரசு துறவற சபைகளை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது, பல மலையூர்களில் பாதிரியாரின் முகத்தைப் பார்ப்பதே அரிதாயிற்று. கோயிலைப் பூட்டாமல் காத்தவர்கள் கொஃப்ராதியாக்காரர்கள். ஆனால் அவர்கள் காத்தது தங்கள் பாட்டன் முறையில். மழை, மக்காச்சோளம், முன்னோர், புனிதர் எல்லாம் ஒரே வழிபாட்டில் கலந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கொஸ்தும்ப்ரே’. வழக்கம் என்பதுதான் அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள்.

அந்த வழக்கத்தின் உச்சம் மாஷிமோன். ட்ஸுதுஹில் மக்கள் மரியாதையாக ரிலாஹ் மாம், பெரிய தாத்தா, என்று சொல்வார்கள். மார்பளவு உயரமுள்ள மர உருவம்; தலையில் தொப்பி, வாயில் சுருட்டு, கழுத்திலிருந்து அடுக்கடுக்காகத் தொங்கும் பட்டுத்துண்டுகள். உள்ளே இருப்பது ட்ஸிதே என்ற மரக்கட்டை என்கிறார்கள். நம்மூர் வேலிகளில் சிவப்பாய்ப் பூக்கும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது அந்த மரம். வணிகத்துக்காக ஊர்விட்டுப் போகும் முன்னோர்கள், இல்லாத நேரத்தில் வீட்டையும் மனைவியரையும் காக்க அவரைச் செதுக்கினார்கள் என்பது கதை. காவலுக்கு நின்றவரே கட்டுக்கடங்காமல் போக, செதுக்கியவர்களே அவர் தலையைத் திருப்பிக் கைகால்களைக் குறைத்தார்களாம். கிறிஸ்தவப் பாதிரிமார்களின் கண்ணுக்கு அவர் யூதாசாகத் தெரிந்தார். ஊராருக்கோ நோயும் காதலும் மழையும் பயணமும் அவர் பொறுப்பு.

புனித வாரத்தில் அவருடைய துணிகளை இரவில் ஏரிக்குக் கொண்டுபோய்த் துவைப்பார்கள். இளைஞர்கள் கடற்கரைப் பக்கத்துத் தாழ்நிலத்துக்கு நடந்துபோய்ப் பழங்களைச் சுமந்து வருவார்கள். புதன்கிழமை தெலினெல் என்ற பொறுப்பாளர் அவரைத் தோளில் தூக்கிக் கோயில் முற்றத்துச் சிற்றாலயத்துக்குக் கொண்டுவருவார். பெரிய வெள்ளியன்று இறந்த கிறிஸ்துவின் பேழை கோயிலைவிட்டு வெளியே வரும்போது மாஷிமோனும் இறங்கி வருவார். ஒரே முற்றத்தில் இரண்டு ஊர்வலங்களும் அருகருகே நிற்கும். பிறகு அவரவர் வழி போகும்.

இதைப் பொறுக்காத காலமும் இருந்தது. 1930களுக்குப் பிறகு ஆயர்கள் வளர்த்த ‘கத்தோலிக்க செயற்குழு’ இயக்கம், ஞானபோதகர்களை ஊர் ஊராக உருவாக்கி, வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. பிள்ளைகள் ஒரு பக்கம், கொஃப்ராதியாவில் இருந்த தகப்பன்மார் மறுபக்கம் என்று குடும்பங்கள் பிளந்தன. சாந்தியாகோ அதித்லானில் 1950களின் தொடக்கத்தில் பாதிரியார் ஒருவர் மாஷிமோனைத் தாக்கி அவருடைய முகமூடிகளைப் பறித்துக்கொண்டு போனார். அவற்றில் ஒன்று பாரிஸ் அருங்காட்சியகம் வரை சென்று, நெடுங்காலம் கழித்தே ஊர் திரும்பியது. இந்தக் காயத்தின் மேல்தான் பிறகு வந்த தொண்டு வேலைகள் நடந்தன என்பதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

1964இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மறைமாவட்டம் இந்த ஊரின் பங்கை ஏற்றது. லத்தீன் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும்படி திருத்தந்தை 23ஆம் யோவான் கேட்டிருந்ததன் விளைவு அது. முதலில் பொறுப்பேற்ற ரேமன் கார்லின், மருத்துவமனையும் கூட்டுறவும் மட்டும் போதாது என்று முடிவு செய்தார். அன்றாடப் புழக்கத்தில் எழுத்தே இல்லாதிருந்த ட்ஸுதுஹில் மொழிக்கு எழுத்து வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார். 1967இல் ‘அதித்லானின் குரல்’ என்ற வானொலி நிலையம் ஒலிக்க ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் சொன்ன வானொலி அது.

1968இல் வந்து சேர்ந்தவர் ஸ்டான்லி ரோதர். ஒக்லஹோமாவின் ஒகார்ச்சி ஊரில் 1935இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். குருமடத்தில் இலத்தீன் ஏறாமல் ஒரு முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மேரிலாந்தில் இன்னொரு குருமடத்தில் படித்து 1963இல் குருவானார். இலத்தீனில் தோற்ற அந்த மனிதர்தான் ஸ்பானியமும் கற்று, அதைவிடக் கடினமான ட்ஸுதுஹிலும் கற்று, அந்த மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றினார். புதிய ஏற்பாட்டை அதில் பெயர்க்கும் பணியிலும் பங்கெடுத்தார். மண் தெரிந்தவர் என்பதால் நிலம் திருத்தவும் எந்திரம் ஓட்டவும் தானே இறங்கினார். அழைத்த வீட்டில் உட்கார்ந்து அவர்கள் தட்டில் இருந்ததையே சாப்பிட்டார். ஸ்டான்லி என்ற பெயர் ஊரார் வாயில் நுழையவில்லை. அவருடைய நடுப்பெயரான பிரான்சிஸை அவர்கள் மொழியில் ஆப்லாஸ் என்று ஆக்கிக்கொண்டார்கள். பாத்ரே ஆப்லாஸ் என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் செய்தவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது பீடத்தைப் பற்றியது. கோயிலின் பழைய மரப்பீடம் நிலநடுக்கங்களில் சிதைந்திருந்தது. அதைச் செப்பனிடும் வேலையை 1970களின் பிற்பாதியில் உள்ளூர்ச் சிற்பிகளான தியேகோ சாவேஸ் பெத்செய், அவர் சகோதரர் நிக்கொலாஸ் ஆகியோரிடம் ரோதர் ஒப்படைத்தார். அவர்கள் பழையதை அப்படியே படியெடுக்கவில்லை. பீடத்தின் முகப்பை ஒரு மலையாகச் செதுக்கினார்கள், கொஃப்ராதியாப் பெரியவர்கள் அந்த மலையேறுகிறார்கள், மக்காச்சோளம் முளைக்கிறது. கீழ்ப்பலகைகளில் ஊரின் சடங்குகளைப் பதித்தார்கள். அவற்றில் மாஷிமோனும் இருக்கிறார். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் பாதிரியார் ஒருவர் அடித்து நொறுக்கப் பார்த்த அந்தத் தாத்தா, இப்போது கத்தோலிக்கப் பலிபீடத்தின் அடியில் செதுக்கப்பட்டிருக்கிறார். ரோதர் கட்டிய கட்டடங்கள் எதையும்விட இதுதான் பெரிய தொண்டு என்று சொன்னால் அது மிகையல்ல. உன் பாட்டனை விட்டுவிட்டு வா என்று சொல்லாத ஒரு கோயில் அந்த ஊருக்குக் கிடைத்தது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கமும் சிலர் இந்த வழியில் நடந்தார்கள். 1917இல் ஸ்பானிய வேதாகமம் விற்க வந்த கேமரன் டவுன்சென்ட், தான் சந்தித்த கக்சிகேல் மாயர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழியே புரியவில்லை என்று கண்டு, 1931இல் அவர்கள் மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1962இல் கரோல் பெர்ஹார்ஸ்ட் என்ற லூத்தரன் மருத்துவர் சிமல்தெனாங்கோவில் மருத்துவமனை தொடங்கினார். நோயாளியோடு குடும்பமே வந்து தங்கிச் சமைத்துச் சாப்பிட அங்கே இடம் உண்டு. ஊரார் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்து அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பினார். அவர் போட்ட முன்னுரிமைப் பட்டியலில் முதலில் சமூக அநீதி, அடுத்து நில உரிமை, அப்புறம் விளைச்சல், ஊட்டக்குறை. மருந்து கொடுப்பது கடைசி. ஒரு மருத்துவர் எழுதிய பட்டியல் இது.

இந்த அனுபவத்தை உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூல் ஒன்றில் சேர்த்தது. அதே நூலில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பற்றிய கட்டுரையும் உண்டு. அங்கே கிராமப் பெண்களை நலப்பணியாளர்களாக்கிய ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1978இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை உலகக் கொள்கையாக அறிவித்ததற்குப் பின்னால் இத்தகைய முன்மாதிரிகள் இருந்தன.

தொண்டு எல்லாமே இப்படி இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1976 பிப்ரவரி 4ஆம் நாள் நடந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். இடிந்த வீடுகளுக்குத் தகரக் கூரையோடு வெளிநாட்டுச் சபைகள் குவிந்தன. உதவி பெரிது, தேவையும் பெரிது. ஆனால் கூரை கொடுத்த கை ஞானஸ்நானத்தையும் எதிர்பார்த்தது என்ற குறை அப்போதே எழுந்தது. ஆன்மாவுக்குத் தகரம் என்று மக்கள் சொன்னார்கள். பசித்தவனுக்குக் கொடுக்கும் சோற்றில் நிபந்தனை கலந்தால் அதைத் தொண்டு என்று அழைக்கக் கூடாது. அப்படி வந்த குழுக்களில் ஒன்று கலிபோர்னியாவிலிருந்து வந்து ‘வெர்போ’ சபையாக வேரூன்றியது. அதன் உறுப்பினராயிருந்த தளபதி எஃப்ராயின் ரியோஸ் மொன்ட் 1982இல் ஆட்சியைப் பிடித்தார். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஒழுக்கம் போதித்த அவருடைய ஆட்சியில்தான் மாயா கிராமங்கள் ஊரோடு எரிக்கப்பட்டன.

1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் 2,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயர்கள் என்றும், அத்துமீறல்களில் 93 சதவீதம் அரசுப் படைகளாலும் அவற்றின் துணைக் குழுக்களாலும் நிகழ்ந்தவை என்றும் உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. எழுத்தறிவு, கூட்டுறவு, வானொலி, கிராம மருத்துவம் ஆகியவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் இராணுவத்தின் கண்ணுக்குக் கலகக்காரர்கள். உழவன் கணக்குப் பார்க்கக் கற்றால் கூலியைக் கேட்பான் என்பதுதான் அவர்கள் பயம். பெர்ஹார்ஸ்ட் பயிற்றுவித்த நலப்பணியாளர்கள் பலர் இப்படிக் கொல்லப்பட்டார்கள்.

சாந்தியாகோ அதித்லானுக்கு இராணுவம் 1980 அக்டோபரில் வந்து, பனபாஹ் என்ற பகுதியில் முகாமிட்டது. அந்த மாதமே வானொலியின் இயக்குநர் காஸ்பர் குலான் கடத்தப்பட்டார். நிலையமும் சூறையாடப்பட்டது. ஞானபோதகர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இரவில் வீட்டில் படுக்க அஞ்சியவர்கள் கோயிலுக்குள் வந்து படுத்தார்கள். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ரோதர் உணவும் பணமும் கொடுத்துவந்தார். கொலைப் பட்டியலில் அவர் பெயரும் இருப்பதாகத் தெரிந்ததும் 1981 ஜனவரியில் ஒக்லஹோமாவுக்குப் போனார். ஆபத்து வந்ததும் மேய்ப்பன் ஓடலாகாது என்று ஏற்கெனவே தன் மறைமாவட்டத்துக்கு எழுதியிருந்தவரால் அங்கே இருக்க முடியவில்லை. அந்த ஏப்ரலில் புனித வாரத்துக்கு ஊர் திரும்பினார்.

ஜூலை 28 அதிகாலை மூன்று பேர் பங்கு இல்லத்துக்குள் புகுந்தார்கள். கடத்திக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். போராடினார், மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று உதவிக்குக் கூப்பிடவில்லை. சுட்டுக் கொன்றார்கள். வயது 46. உடலைப் பெற்றோர் ஊருக்குக் கொண்டுபோக முடிவானபோது, அவருடைய இதயமாவது எங்களோடு இருக்கட்டும் என்று ட்ஸுதுஹில் மக்கள் கேட்டார்கள். குடும்பத்தார் சம்மதித்தார்கள். உடல் ஒகார்ச்சியில் அடக்கமாயிற்று, இதயம் ஏரிக்கரைக் கோயிலில் தங்கிற்று. 2017 செப்டம்பர் 23 அன்று ஒக்லஹோமா நகரில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அமெரிக்காவில் பிறந்தவர்களில் மறைசாட்சியாகத் திருச்சபை முதலில் ஏற்றது அவரைத்தான்.

அவர் இறந்தபின்னும் இராணுவம் போகவில்லை. 1990 டிசம்பர் முதல் நாள் இரவு குடிபோதையில் சிப்பாய்கள் ஊருக்குள் அட்டூழியம் செய்ய, கோயில் மணி அடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வெள்ளைத் துணி பிடித்து முகாமை நோக்கி நடந்தார்கள். முகாமிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. சிறுவர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர் ஒன்றுதிரண்டு இராணுவம் வெளியேற வேண்டும் என்று நின்றது. சில வாரங்களில் முகாம் காலியாயிற்று. திருச்சபை தொகுத்த போர்க்கால அறிக்கையை 1998 ஏப்ரல் 24இல் வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்தி, இரண்டே நாளில் தலைநகரில் அடித்துக் கொல்லப்பட்டார். அமைதி உடன்பாடு கையெழுத்தாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வழக்கத்தின் மீதான பகையும் முற்றாகத் தீரவில்லை. இன்று நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் சுவிசேஷ சபைகளில் இருக்கிறார்கள். அவற்றில் பலவும் பொம் புகையையும் முன்னோர் வழிபாட்டையும் பேய் வேலை என்றே போதிக்கின்றன. 2020 ஜூனில் பெத்தேன் பகுதியில் தொமிங்கோ சோக் என்ற மாயா வைத்தியரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி உயிரோடு எரித்தார்கள். மூலிகைகளைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் அவர். ஒரு காட்டின் மருந்தறிவே அவரோடு எரிந்தது. மறுபுறம், மாயா குருமார் தங்கள் மொழியில் திருப்பலி நடத்துவது மலைநாட்டில் இப்போது இயல்பாகியிருக்கிறது.

ஒக்லஹோமாக்காரர்கள் பனபாஹில் கட்டிய சிறிய மருத்துவமனை, போர்க்கால வன்முறையால் மூடப்பட்டுக் கிடந்தது. ஊரார் குழு அமைத்து 2005 ஏப்ரலில் அதைத் திரும்பத் திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டான் புயல் மழையில் எரிமலைச் சரிவு கரைந்து, சேறும் பாறையுமாகப் பனபாஹ் மீது இறங்கியது. நூற்றுக்கணக்கானோர் புதையுண்டார்கள், தோண்டி எடுக்க முடியாத இடத்தைக் கல்லறை நிலம் என்றே அறிவித்துவிட்டார்கள். மருத்துவமனைக்குள்ளும் சேறு புகுந்தது. ஊழியர்கள் சில நாட்களிலேயே ஊருக்குள் ஒரு விடுதியில் கட்டில் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பிரசவத்துக்கு வருபவர்களோடு அவர்களுடைய மருத்துவச்சியும் உள்ளே வரலாம். பாதுகாப்பான இடத்தில் எழுப்பிய புதிய கட்டடம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். வாசலில் நோயாளியை ட்ஸுதுஹிலில் விசாரித்து உள்ளே அனுப்புவது ஊர்க்காரர்கள்.